தரவரிசையில் இல்லாத கேள்வி

எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்குப் பெயர் கிடைத்ததும் புற்றுநோய் ஆன்டிஜென்களின், அதாவது நோயெதிர்ப்பு அமைப்பு குறிவைக்கக்கூடிய புற்று மூலக்கூறுகளின், பட்டியல்களுக்கும் மறுபடி மவுசு வந்துவிட்டது. பட்டியலை முழுமையாக்கினால் போதும், நல்ல தடுப்பூசி பின்னாலேயே வரும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

பட்டியல் வீண் என்று சொல்ல வரவில்லை. 1991இல் பிரஸ்ஸல்ஸில் தியரி பூனின் குழு மேஜ் என்ற புற்றுநோய் ஆன்டிஜென் மரபணுவைக் கண்டறிந்தபின் குவிந்த தரவுகளை யாராவது ஒழுங்குபடுத்தத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் 2009இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் முயற்சியில் 75 ஆன்டிஜென்களைத் தரவரிசைப்படுத்தினார்களே, அதன் அடிப்படையிலேயே கோளாறு. ஐந்தாமிடம் ஈஜிஎஃப்ஆர்-வி3க்கு. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் சிலருக்குக் காணப்படும் இந்தத் திரிந்த புரதம் ஆரோக்கியமான திசுவில் இல்லை. புற்றை வளர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதனால் கட்டி அதைக் கைவிடாது என்பது எதிர்பார்ப்பு. இதைவிடப் பொருத்தமான இலக்கு ஏது?

அதைக் குறிவைத்த ரிண்டோபெபிமட் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2016இல் தோற்றது. அறுவைக்குப்பின் கட்டி மிகக் குறைவாக எஞ்சியிருந்தவர்களின் இடைநிலை ஆயுள் தடுப்பூசி பெற்ற குழுவில் 20.1 மாதம், மற்ற குழுவில் 20.0. நோயாளிகளின் உடலில் எதிர்ப்பொருள் நன்றாகவே உருவாகியிருந்தது. புற்று திரும்பியபின் எடுத்த திசுக்களைச் சோதித்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தப் புரதமே இல்லை. தடுப்பூசி பெறாத குழுவிலும் இதே நிலை. யாரும் துரத்தாமலேயே கட்டி அதை உதிர்த்திருந்தது.

தரவரிசையின் ஒன்பது அளவுகோல்களில் ஒன்றுகூட, சிகிச்சைக்குப்பின் இந்தப் புரதம் கட்டியில் மிஞ்சுமா என்று நேரடியாகக் கேட்கவில்லை. எட்டாமிடத்து மேஜ்-ஏ3யின் கதையும் ஆறுதல் தராது. அந்த ஆன்டிஜென் இருப்பதை உறுதிசெய்தே 2,272 நுரையீரல் புற்றுநோயாளிகளைச் சேர்த்தார்கள், தடுப்பூசியால் பலனில்லை.

இதற்குப் பதில் சொல்ல, மெலனோமா என்ற தோல் புற்றுக்கான மாடர்னாவின் தடுப்பூசியைக் காட்டுகிறார்கள். அது பொதுப் பட்டியலின் வெற்றியே அல்ல. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் தனித்தனியே வாசித்து, அவருக்கே உரிய 34 இலக்குகள் வரை ஒரே ஊசியில் வைக்கிறார்கள். எதை உதிர்த்தாலும் இன்னொன்று மிஞ்சும் என்ற கணக்கு அது. அங்கேகூட முன்கணிப்பு தடுமாறுகிறது: 2020இல் வெளியான டெஸ்லா என்ற கூட்டாய்வில், இலக்காகக் கணித்துச் சோதித்த 608 பெப்டைடுகளில் (புரதத் துண்டுகளில்) டி-செல்கள் அடையாளம் கண்டவை 37தான்.

புதிய பெயர் சேர்ப்பது சுலபம். திரும்பி வந்த கட்டியை வெட்டியெடுத்துப் பார்ப்பது கடினம். துறை சுலபமானதையே பெருக்கிக்கொண்டிருக்கிறது. இனி தோற்கும் ஒவ்வொரு சோதனையிலும் அந்தத் திசுவைப் பரிசோதித்து, முடிவைப் பட்டியலில் ஆன்டிஜெனின் பெயருக்குப் பக்கத்திலேயே பதிய வேண்டும்.