எசூர்வேதத்தைக் காதால் படியுங்கள்

'எசூர்வேதம்' என்ற பழைய பிரெஞ்சு நூலை ரசிக்க வேண்டுமானால், முதலில் அதிலுள்ள பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நூல் முழுதும் இருவரின் உரையாடல். ஒருவர் பியாஷ், மற்றவர் ஷுமோந்து. வியாசர், சுமந்து என்ற முனிவர்கள்தான். வியாசரின் வகரம் பகரமாகியிருக்கிறது. சுமந்துவின் சகரம் ஷகரமாகி, அகரம் ஒகரமாகியிருக்கிறது. தமிழரோ தெலுங்கரோ இப்படிச் சொல்லமாட்டார்கள்; வங்காளிகள் சொல்வார்கள். ஏட்டில் கிடக்கும் எழுத்து எந்த ஊர் வாயிலிருந்து வந்தது என்று கேட்டறிவதில் ஒரு தனிச் சுகம் உண்டு. மூலபாட ஆய்வின் வாசல் அதுதான்.

1760-இல், இந்தியாவில் பணியாற்றிய மொதாவ் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி இதன் கைப்பிரதியைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வொல்தேரிடம் கொடுத்தார். அலெக்சாந்தர் படையெடுப்புக்கும் முந்திய ஞானம் இது என்று வொல்தேர் நம்பினார். மறு ஆண்டே பாரிஸ் அரச நூலகத்துக்கு அதை அளித்தார். 1778-இல் இவெர்தோனில் அச்சேறியது. 1782-இல் பயணி சொன்னெரா, மசூலிப்பட்டினத்தில் ஒரு பாதிரியார் எழுதிய வாத நூல் இது என்று போட்டு உடைத்தார்.

அடுத்த திருப்பம் புதுச்சேரியில். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய எல்லீஸ், இங்கே கத்தோலிக்கப் பாதிரிமார்களிடம் இருந்த கைப்பிரதிகளைப் பார்த்தார். எசூர்வேதம் தனியாக இல்லை. மற்ற வேதங்களின் பெயரிலும் இதே வகை நூல்கள் உடன் இருந்தன. வங்காள உச்சரிப்பைக் காதில் வாங்கியவர் அவர். அவரது கட்டுரை, அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1822-இல் வெளிவந்தது. ஆசிரியர் என அவர் சுட்டியது தத்துவபோதகர் என்ற இயேசு சபைப் பாதிரியார் நொபிலியை. 1656-இல் மறைந்த நொபிலி மதுரைத் தமிழில் ஊறியவர். எல்லீஸின் காது சரி, அவர் காட்டிய ஆள் சரியில்லை என்றே நினைக்கிறேன். 1984-இல் மூலத்தையும் விரிவான ஆய்வையும் பதிப்பித்த லூதோ ரோஷெர், இது பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது என்கிறார். கால்மெத், மொசாக் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டு இயேசு சபையினர் மீதுதான் இன்று சந்தேகம். யார் என்பது முடிவாகவில்லை.

அடுத்து, உரையாடலில் யார் யாரை மடக்குகிறார் என்று கவனியுங்கள். பியாஷ் புராணக் கதைகளைச் சொல்கிறார். ஷுமோந்து ஒவ்வொன்றாக மறுத்து ஒரே கடவுளிடம் கொண்டுவருகிறார். முனிவர் வாயாலேயே முனிவரை மறுக்கவைக்கும் உத்தி! பாதிரியார் கட்டிய இந்த வாதத்தை, பைபிளுக்கு முந்திய தூய மதம் இந்தியாவில் இருந்ததென்று திருச்சபைக்கு எதிராகவே வொல்தேர் வீசினார். இதைப் போலி என்று மூடிவைப்பது சோம்பேறித்தனம். வேதமாக அது பொய். ஆனால் புராணங்களைக் கூர்ந்து கேட்ட ஓர் அயலாரின் மனத்துக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

இதே கண்ணோடு அமெரிக்கப் பக்கமும் போகலாம். 1830-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூல், பொன்தகடுகளிலிருந்து பெயர்த்த தொல்நூலாக அறிமுகமானது. அதிலுள்ள ஏசாயா அதிகாரங்கள் பெரும்பாலும் 1611-இன் ஆங்கில பைபிள் நடையிலேயே நடக்கின்றன. ஐயம் கொண்டவர்களுக்கு அது பெரிய தடயம். இன்னொரு புறம், மார்மன் சமயத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ராயல் ஸ்கௌசென் 1988 முதல் அந்நூலின் கைப்பிரதிகளையும் பதிப்புகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுவந்தார். சொல்லி எழுதவைத்த முதல் பிரதியில் எஞ்சியிருப்பது சுமார் 28 சதவீதம். எழுதியவர் செவியில் தவறிய சொற்களைக்கூட அவர் தேடினார். நம்பிக்கையும் நுண்ணோக்கும் ஒரே மேசையில் அமரலாம் என்பதற்கு இதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இல்லை.

இப்படிக் காதால் படித்துப் பழகிப் பார்க்க விரும்பினால் பிரெஞ்சு தெரியவேண்டியதில்லை. புதுச்சேரி துய்மா வீதியில் இருக்கும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் செம்பதிப்புகளில் ஒன்று, எவா வில்டன் 2010-இல் கொண்டுவந்த குறுந்தொகை. ஒரு பாட்டை எடுங்கள். அடிக்குறிப்பிலுள்ள பாடபேதங்களை ஒவ்வொன்றாக அந்த அடிக்குள் வைத்து உரக்கப் படியுங்கள். எது ஏடெழுதியவரின் கைப்பிழை, எது உரைகாரர் திருத்தியது என்று நீங்களே தீர்ப்பு எழுதுங்கள். பதிப்பாசிரியர் எதைத் தேர்ந்தார் என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்.