ஒற்றை மொழி விண்டோஸும் பள்ளுருத்தி வீடும்

விண்டோஸ் 11 வாங்கப் போகிறவர்கள் பலரும் 'ஹோமா, ப்ரோவா?' என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊர் லேப்டாப் கடையில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஹோம் என்றால் எந்த ஹோம்? ஹோமில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ஹோம், இன்னொன்று 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்'. இந்தியாவில் விற்கும் புது லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஏற்றி வருவது இரண்டாவதுதான். விளம்பரத்தில் 'விண்டோஸ் 11 ஹோம்' என்று பெரிதாகப் போடுவார்கள். முழுப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சில வாரங்களாக ஓடிக்கொண்டிருப்பது இந்தச் சிங்கிள் லாங்குவேஜ்தான். வேகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நன்றாகவே ஓடுகிறது. பேட்டரி, பாதுகாப்பு, தோற்றம் எதிலும் எனக்குப் புகார் கிடையாது. எக்ஸ்பி காலத்திலிருந்து விண்டோஸிலேயே பிழைப்பு நடத்துகிறவன் நான். விண்டோஸைத் திட்டுவதற்காக எழுதும் கட்டுரை இல்லை இது. ஒரே ஒரு குறைதான். ஆனால் கொச்சி பள்ளுருத்தியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்த ஒரு குறை மற்ற நல்லதையெல்லாம் மறைத்துவிடுகிறது. இந்த லேப்டாப்பில் திரை ஒரே மொழியில்தான் பேசும்.

எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், மீன் விலையை அதிலேதான் பேரம் பேசுவார். எழுத்து என்று வந்தால் தமிழ் மட்டும்தான். மகன் மலையாள வழியில் படிக்கிறான். மனைவிக்கு அலுவலகக் கணக்கு முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் டாலியில். இது ஒன்றும் அபூர்வமான வீடு இல்லை. தோப்பும்படி தாண்டி மட்டாஞ்சேரிக்குள் போனால் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும். ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் துணி துவைக்கும் குடும்பங்கள் பேசுவது தமிழ். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை வைத்திருக்கும் நாட்டுக்கு, 'மொழி ஒன்றுக்கு மேல் கிடையாது' என்ற பதிப்பை வழக்கமான பதிப்பாக அனுப்புகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

சரி, இந்தப் பதிப்பு எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை? இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. தமிழில் தட்டச்சு செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே உள்ளே இருக்கிறது, ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் கூடவே வருகிறது. நிர்மலா யூஐ எழுத்துரு தமிழையும் மலையாளத்தையும் தெளிவாகக் காட்டும். எழுதலாம், படிக்கலாம், மெயில் அனுப்பலாம். மாற்ற முடியாதது கம்ப்யூட்டர் தானாக நம்மிடம் பேசும் மொழியைத்தான். மெனு, செட்டிங்ஸ், எச்சரிக்கைப் பெட்டி, 'சேமிக்கவா வேண்டாமா' என்ற கேள்வி எல்லாம் அதில் அடக்கம். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பக்கத்துக்குப் போனால், இந்த லைசென்ஸில் ஒரே ஒரு திரை மொழிதான் உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

வெறும் ஹோமிலும் ப்ரோவிலும் இப்படி இல்லை. அங்கே திரை மொழி ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. ஒரே மெஷினில் அம்மாவின் கணக்கு தமிழிலும் மகனுடையது மலையாளத்திலும் மனைவியுடையது ஆங்கிலத்திலும் திறக்கும். எங்கள் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 ப்ரோ இருந்தது, அம்மா அதில் தமிழில்தான் புழங்கினார். தமிழாக்கம் முழுமையானது இல்லை. உள்ளே உள்ளே போனால் சில பக்கங்கள் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். அன்றாடம் கண்ணில் படும் பெட்டிகள் தமிழில் இருந்தன, அவருக்கு அது போதுமாக இருந்தது.

புது லேப்டாப் வந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா தெருப் பெண்களின் சீட்டுக் கணக்கை ஒரு எக்ஸெல் ஷீட்டில் வைத்திருக்கிறார். இன்னொரு அக்கா வீட்டில் அதே ஃபைலில் சில வரிகளைச் சேர்த்து பென் டிரைவில் கொடுத்திருக்கிறார்கள். அதை லேப்டாப்பில் காப்பி பண்ணும்போது நடுத்திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில் மூன்று வரி: பழையதை அழித்துப் புதியதைப் போடு, விட்டுவிடு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். மூன்றும் ஆங்கிலத்தில். பழைய மெஷினில் இதே பெட்டியைத் தமிழில் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, தானே முடிவெடுத்தவர் அவர். இப்போது எதையும் தொடாமல், 'டேய், இது என்னமோ கேக்குது, நீ வந்து பாரு' என்று பேரனைக் கூப்பிட்டார். அவன் ட்யூஷனில் இருந்தான். அவன் வரும்வரை லேப்டாப் அப்படியே திறந்து கிடந்தது. பத்துப் பேருடைய சீட்டுப் பணம் அந்த ஃபைலில் இருக்கிறது. தெரியாத பட்டனை அமுக்க மாட்டேன் என்று அவர் இருந்தது முழுக்கச் சரி.

அணைக்கும் பட்டனிலும் இதே கதைதான். அப்டேட் வந்திருக்கும் நாளில் பவர் மெனுவில் இந்த நான்கு வரிகளும் வரும். அணை, மறுபடி தொடங்கு, அப்டேட் செய்து அணை, அப்டேட் செய்து மறுபடி தொடங்கு. நமக்கு அது பழகிப்போன விஷயம். எழுத்தே தெரியாத மொழியில் அந்த நான்கையும் பார்க்கிறவருக்கு அதில் எது எதுவென்று எப்படித் தெரியும்?

இது தொழில்நுட்பத்தால் வந்த தடை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். திரை மொழியை மாற்றும் தமிழ்ப் பொதி இருக்கிறது, மலையாளப் பொதி இருக்கிறது, கொங்கணிக்கும் இருக்கிறது. தமிழில் வாய்விட்டுப் படிக்க 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு ஆண் குரலைக்கூட மைக்ரோசாஃப்ட் செய்து வைத்திருக்கிறது. பொதிகளைச் செய்தவர்களின் உழைப்பெல்லாம் அங்கேயே நிற்கிறது, லைசென்ஸ் என்ற பூட்டுதான் கதவைச் சாத்தியிருக்கிறது.

விண்டோஸின் பதிப்பு வரலாற்றில் நம்மைப் போன்ற நாடுகளுக்குக் குறைத்துக் கொடுப்பது புதிதல்ல. 2004இல் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்கும் இந்தியில் வந்தது. அதில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராமுக்கு மேல் திறக்க முடியாது. பிறகு விண்டோஸ் 7 காலத்தில் ஹோம் பேசிக். முழு மொழிப் பொதிகளை அப்போது அல்டிமேட், என்டர்பிரைஸ் வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆனால் தமிழ் போன்ற மொழிகளுக்கு இலவச முகப்புப் பொதி தனியாக இருந்தது, சாதாரண ஆங்கில விண்டோஸ் 7 மேல் அதை இறக்கிக்கொள்ள முடிந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மொழிப் பொதிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம். அதே ஆண்டில்தான் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பையும் லேப்டாப் நிறுவனங்கள் வழியாக நம் சந்தைக்கு அனுப்பினார்கள். விலை குறைந்த லைசென்ஸ் வேறு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பது காரணமாக இருக்கலாம். அந்தக் கவலைக்காக ஜப்பானிய மொழியையும் ஜெர்மனையும் பூட்டட்டும். இந்தியாவில் விற்கும் பெட்டியில் இந்திய மொழிகளைப் பூட்டுவதில் என்ன கணக்கு இருக்கிறது?

ஹோமா ப்ரோவா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ப்ரோவில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரை முழுதாகக் கையாளலாம், இன்னொரு இடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உங்கள் மெஷினுக்குள் வரலாம், ஹைப்பர்-வி, குரூப் பாலிசி எல்லாம் உண்டு. ஹோமில் 128 ஜிபி ரேம் வரைதான், ப்ரோவில் 2 டிபி வரை. வீட்டில் யாருக்கு வேண்டும் அது? சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறவர், வெளியூரிலிருந்து தன் மெஷினைத் திறக்க வேண்டியவர் ப்ரோ வாங்கட்டும். மற்றவர்களுக்கு ஹோம் போதும், வெறும் ஹோமாக இருந்தால். சிங்கிள் லாங்குவேஜில் மாட்டிக்கொண்டவருக்கு செட்டிங்ஸ் காட்டும் வழி ப்ரோவுக்கு மேலேறுவதுதான். அமெரிக்காவில் ஹோமிலிருந்து ப்ரோவுக்குப் போக 99 டாலர். தாய்மொழியில் ஒரு மெனுவைப் பார்ப்பதற்காக மட்டும் அப்படி ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்வது அநியாயம்.

இந்த இடத்தில் இன்னொரு எரிச்சலையும் சொல்லியாக வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ தருகிறோம் என்று ஆன்லைனில் கூவுகிறவர்கள். அவர்கள் விற்கும் கீகளில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த லைசென்ஸிலிருந்து கழன்று வந்தவை. இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்கு முடக்கப்படலாம். மனைவி ஜிஎஸ்டி கணக்கு வைத்திருக்கும் மெஷினில் அப்படி ஒன்றை நான் ஏற்ற மாட்டேன், உங்களையும் ஏற்ற விடமாட்டேன்.

எர்ணாகுளத்தில் லேப்டாப் வாங்கப் போனபோது வெறும் ஹோம்தான் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரப் பையன், 'எல்லாம் ஹோம் தன்னே, சேட்டா' என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குக் கொடுத்த அட்டையில் அப்படித்தான் இருந்தது. எங்கள் பட்ஜெட்டில் அங்கே இருந்த எதைத் திறந்து பார்த்தாலும் சிங்கிள் லாங்குவேஜ்தான். டாலிக்கு விண்டோஸ் வேண்டும், மனைவிக்கு வேலை நிற்கக் கூடாது. தெரிந்தேதான் வாங்கி வந்தோம்.

பழைய டெஸ்க்டாப்பை மாற்ற வேண்டி வந்ததே விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால்தான். கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று ஓராண்டு நீட்டித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறை சிப்புக்குக் கீழே இறங்கி வராது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். எங்களுடையது அதற்கு முந்தைய சிப். எடைக்குப் போட மனம் வரவில்லை.

அங்கேதான் மகன் உள்ளே வந்தான். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் புதிதல்ல. மாநில அரசின் ஐடி@ஸ்கூல் திட்டக் காலத்திலிருந்து பள்ளி லேப் முழுக்கக் கட்டற்ற மென்பொருள்தான், 2017இல் கைட் என்று பெயர் மாறி நிறுவனமான பிறகும் அதே பாதை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து அவர்கள் கட்டிய கைட் க்னு/லினக்ஸ் 22.04தான் இப்போது பள்ளிகளில் ஓடுகிறது. ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப், ஜிம்ப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் சேர்ந்தே வரும். பணம் கிடையாது, வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். ஹோம், ப்ரோ என்று படிக்கட்டும் கிடையாது. பள்ளியில் பார்த்துப் பழகியதால் மகனே பென் டிரைவில் ஏற்றிப் பழைய டெஸ்க்டாப்பில் நிறுவினான்.

மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அம்மாவுக்குத் தனிக் கணக்கு திறந்து, அதற்கு மட்டும் தமிழ் வைத்தோம். யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே கிடைத்தது. இங்கேயும் தமிழாக்கம் முழுசாக இல்லை, சில மூலைகளில் ஆங்கிலம் தலைகாட்டும். சீட்டுக் கணக்கை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தபோது சில செல்களின் அகலம் மாறியிருந்தது, கணக்கு மாறவில்லை. பிரிண்டர் முதல் நாள் முரண்டு பிடித்தது. ஆனால் மூடும்போது 'சேமிக்கவா' என்று தமிழில் கேட்டதும் அம்மா யாரையும் கூப்பிடாமல் பதில் சொன்னார். எனக்கு இந்த விமர்சனத்தில் மதிப்பெண் போடச் சொன்னால் அதற்குத்தான் போடுவேன். உபுண்டு 22.04க்கான வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரல் வரை இருக்கிறது, அதற்குள் அடுத்ததற்கு மாறிக்கொள்ள வேண்டும்.

சிங்கிள் லாங்குவேஜ் லேப்டாப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: மெஷின் மாறாது, ஆனால் அதில் ஓடும் சில புரோகிராம்களை மாற்றலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் விண்டோஸின் திரை மொழியோடு சம்பந்தமில்லை. இரண்டுக்கும் தமிழ் முகப்பு தனியாக உண்டு, எந்தப் பதிப்பிலும் வேலை செய்யும். பிரவுசரும் கணக்கு ஷீட்டும் தமிழுக்கு வந்துவிட்டாலே வீட்டுப் பெரியவர்களின் பாதி வேலை சுலபமாகிவிடும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மெஷினை ஆன் செய்து செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் 'எடிஷன்' என்ற வரியைப் பாருங்கள். பில் போடுவதற்கு முன்னால் பாருங்கள். எல்லாமே சிங்கிள் லாங்குவேஜ் என்றால் விண்டோஸ் இல்லாத மாடலைக் கேளுங்கள். டாஸ் அல்லது உபுண்டு போட்ட லேப்டாப் விலையில் குறைவாகவே கிடைக்கும். அதற்கு விண்டோஸ் 11 ஹோமைத் தனி ரீடெய்ல் பெட்டியாக வாங்கிப் போட்டால் எல்லா மொழியும் திறந்திருக்கும். லேப்டாப்போடு வரும் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். ரீடெய்ல் லைசென்ஸை அடுத்த மெஷினுக்கும் எடுத்துக்கொண்டு போகலாம், அதனால் முதலில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அடுத்த லேப்டாப்பிலும் பயன் உண்டு.