ஒன்பதாம் பகுதியோடு மூடிவிடலாமா?

புனித அகுஸ்தீனாரின் தன்வரலாற்று நூலைப் பற்றி மறையுரைகளில் கேட்டிராத கத்தோலிக்கர் அரியர். மிலான் நகரத் தோட்டத்து அத்திமரம், குழந்தையின் குரல், தாய் மோனிக்காவின் கண்ணீர் ஆகியவை நமக்குப் பழகிய காட்சிகள். எனவே இதனை மனந்திரும்பிய ஓர் இளைஞரின் கதை என்றே எண்ணி, இளையோர் கையில் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். இது நூலைப் பாதியளவே அறிந்த எண்ணமாகும்.

ஆண்டுகளை நோக்குவோம். 354இல் பிறந்தவர் 386இல் மனந்திரும்பினார்; 387இல் திருமுழுக்குப் பெற்றார். நூலை எழுதத் தொடங்கியதோ ஏறத்தாழ 397இல். அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயர். நண்பர்களோடு அமைதியாக மறைநூல் கற்று வாழ விரும்பியவரை, 391இல் அந்நகர மக்கள் வற்புறுத்திக் குருவாக்கினர். விரும்பிய வாழ்வு கைநழுவ, விரும்பாத பொறுப்பைத் தோளில் ஏற்ற நடுவயதினர் ஒருவரின் நூல் இது.

பதின்மூன்று பகுதிகளுள் முதல் ஒன்பதும் கடந்த காலத்தைக் கூறுவன. ஒன்பதாவது, தாயின் மரணத்தோடு முடிகிறது. நம்மில் பலர் நூலை அங்கேயே மூடிவிடுகிறோம். பத்தாம் பகுதியிலோ அவர், தாம் முன்பு யாராக இருந்தார் என்பதை விடுத்து, இன்று யார் என்று ஆராய்கிறார். திருமுழுக்குப் பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்தும், ஆயரான பின்னும், உணவின் சுவையும் மனிதரின் புகழ்ச்சியும் தம்மை இழுப்பதை ஒளிக்காமல் சொல்கிறார். வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டாலும் தம் மனம் அதன் பின்னே போய்விடுகிறது என்றும், செபமும் இவ்வாறே குலைகிறது என்றும் வருந்துகிறார்.

திருக்கோவில் பாடலின் இனிமையையே அவர் ஐயுறுவது மிகை எனத் தோன்றலாம். ஐம்புலன்களையும் ஒவ்வொன்றாக விசாரிக்கும் முறை வாசகரைச் சலிக்கவும் செய்யும். ஆயினும் இப்பகுதியின் உயிர் அதன் முடிவில் இருக்கிறது. தம் பாவங்களின் சுமைக்கு அஞ்சித் தனிமையை நாடி ஓடிவிட எண்ணியதாகவும், இறைவன் தம்மைத் தடுத்ததாகவும் எழுதுகிறார். கிறிஸ்து இறந்தது, வாழ்வோர் இனித் தமக்கென வாழாதிருக்கவே என்னும் பவுலடியாரின் போதனைதான் (2 கொரி 5:15) அவரைத் தடுத்தது. புதிய ஊரோ புதிய பணியோ அவருக்குக் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நிற்பதற்குப் புதிய காரணம் கிடைத்தது.

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, பணி ஓய்வை எதிர்நோக்கி, 'இனி எதற்காக?' எனத் திகைப்போர் நம் பங்குகளில் பலர். அவர்களிடம் இழந்த இளமையின் உற்சாகத்தைத் தேடிப் பிடிக்கச் சொல்வது எளிது, பயன்தான் குறைவு. குறைகள் நீங்கிய பின்னரே புதுவாழ்வு தொடங்கும் என்று காத்திருப்பவருக்கும் பத்தாம் பகுதி விடை தருகிறது. குறைகளோடும் ஒருவர் பிறருக்குரியவராய் வாழத் தொடங்கலாம். அவ்வாறு தொடங்கிய அகுஸ்தீனார், 430இல் இறக்கும்வரை அதே ஹிப்போவில், அதே மக்களுக்கு ஆயராகவே இருந்தார்.