அரை அடி

2023 பிப்ரவரி 15. சென்னை நேரு ஸ்டேடியத்தில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கும் நேபாளத்துக்கும் ஆட்டம். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் பூங்கா நிலையம். இறங்கி ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி நடந்தால் ஸ்டேடியம் வந்துவிடும். நான் போகவில்லை. மறுநாள் 0–0 என்று படித்ததும், நல்லவேளை, ஒன்றும் நழுவவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் 2–2. அப்போதுதான், போயிருக்கலாமோ என்று தோன்றியது. கோல் விழுந்தால்தான் ஆட்டம் என்று நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிற ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பிள்ளைகள் ஆடுவார்கள். தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் போனால் ஒருத்தியும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவு பழக்கம். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற ஒரு பெண் அங்கே ஸ்டாப்பராக நிற்கிறாள். நடுத் தற்காப்பு. பெயர் வேண்டாம்.

எதிரணிக்காரி பந்தோடு வேகமாக வருகிறாள். ஓரத்தில் நிற்கும் நமக்கே கால் துறுதுறுக்கிறது: போய்ப் பிடுங்கேன்! இவள் போக மாட்டாள். “போகாதம்மா, நில்லு. அவளே வருவா” என்று மாஸ்டர் கத்துவது ஊருக்கே கேட்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து, பின்புறமாகவே நகர்வாள். வாசலில் கோலம் போடுகிறவர்கள் புள்ளியில் கண்ணை வைத்தபடி பின்னால் நகர்வார்களே, அந்த நகர்வு. காலடி சின்னச் சின்னதாக இருக்கும். இரண்டு குதிகாலும் ஒருசேர மண்ணில் பதியாது. பதிந்தால் திரும்ப நேரம் பிடிக்கும். கண் எதிராளியின் முகத்தில் இல்லை, காலிலும் இல்லை. கால் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லும். பந்து சொல்லாது.

இப்படி நகர்ந்துகொண்டே, வந்தவளை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போவாள். தொடவே மாட்டாள். கோட்டை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. அங்கே போய்விட்டால் வந்தவளுக்கு வழி ஒன்றுதான். அப்போது அவள் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டிவிடுவாள். பந்துக்கும் அவள் காலுக்கும் நடுவே அரை அடி இடைவெளி விழும். இத்தனை நேரம் பின்வாங்கியதெல்லாம் அந்த அரை அடிக்காகத்தான். கால் உள்ளே போகும், பந்து வெளியே வரும். பறிகொடுத்தவள் நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

சறுக்கிப் பறிப்பதை இவர்களிடம் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். எங்கள் மைதானம் சரளை மண். சறுக்கினால் முழங்கால் தோல் உரிந்து கையில் வரும். சறுக்க முடியாததால் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். கல்லும் மண்ணும் கற்றுக்கொடுத்த பாடம் என்று இதை மெச்ச எனக்கு மனமில்லை. புல் இருந்திருந்தால் இரண்டையும் கற்றிருப்பார்கள்.

இந்த நிற்கிற கலையில் இந்தியாவின் பெரிய பெயர் லோய்டோங்பம் ஆஷாலதா தேவி. 1993இல் பிறந்தவர், மணிப்பூர்க்காரர், ஸ்டாப்பர், இந்திய அணியின் தலைவராக இருந்தவர். அவரிடம் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. மதுரையின் சேது எஃப்சி 2019 மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றபோது அந்த அணியின் தற்காப்பில் இருந்தவர் அவர். இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்றார்கள். சொந்த மாநிலத்து அணியை மதுரைச் சட்டை போட்டுக்கொண்டு தடுத்து நின்றிருக்கிறார். அந்த 2018–19 பருவத்துக்கான சிறந்த வீராங்கனை விருதை இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்குத் தந்தது. இப்படிப்பட்ட விருதுகள் பொதுவாகக் கோல் அடிப்பவர்களைத் தேடித்தான் போகும்.

அந்த லீக் முழுவதும் மே 5இல் தொடங்கி 22இல் முடிந்துவிட்டது. மூன்று வாரம்கூட இல்லை. தொழில்முறை ஆட்டக்காரி என்கிறோம். மீதி நாற்பத்தொன்பது வாரம் அந்தக் கால்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? சொந்த ஊரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறை அந்த லீக்குக்கு 2023–24இல்தான் வந்தது. கோல் அடிக்கிற கால் மூன்று வாரத்திலும் மின்னிவிடலாம். பக்கத்தில் நிற்பவள் எப்போது ஏறுவாள், கோலி எப்போது வெளியே வருவாள் என்பது சேர்ந்து ஆடி ஆடி வருகிற பழக்கம். தற்காப்புக்கு நாள் வேண்டும்.

ஆஷாலதாவைப் பற்றித் தேடினால் சட்டென்று கண்ணில் படுவது ஒரு கோல் என்பதுதான் வேடிக்கை. 2022 மே 26, புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியம். சேதுவும் கோகுலம் கேரளாவும் அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றுவிட்டு மோதிய கடைசி ஆட்டம். ஆஷாலதா அப்போது கோகுலத்தின் கேப்டன். மூன்றாவது நிமிடத்திலேயே சேதுவின் ரேணு கோல் போட்டுவிட்டார். பதினான்காவது நிமிடத்தில் கோகுலத்துக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் ஃபார்வர்டு இல்லை, ஆஷாலதா. வாழ்நாளெல்லாம் கோலைத் தடுத்தவர், தன் பழைய அணிக்கு எதிராகப் பந்தைப் பன்னிரண்டு கஜத்தில் வைத்து உள்ளே அனுப்பினார். ஆட்டம் 3–1, கோப்பை கோகுலத்துக்கு. அன்றைக்கு அவர் எத்தனை பந்தை வெட்டினார், எத்தனை பேரை ஓரத்துக்குத் தள்ளினார் என்று ஸ்கோர் பலகையில் எங்கே தேடுவது?

அதே ஆண்டு ஜனவரி 20இல், நவி மும்பையில், ஆசியக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம், ஈரானோடு 0–0. அடுத்த ஆட்டத்துக்குள் இந்திய முகாமில் கொரோனா புகுந்து, ஆட வேண்டிய அன்று களமிறங்க ஆளில்லாமல் போட்டியை விட்டே வெளியேறினார்கள். சொந்த மண்ணில் நடந்த போட்டியிலிருந்து இந்தியக் கேப்டன் ஆஷாலதா கொண்டுபோனது அந்த ஒற்றை 0–0 மட்டும்.

2024 அக்டோபர் 17, காத்மாண்டு. பாகிஸ்தானை இந்தியா 5–2 என்று வென்ற அந்த ஆட்டம் ஆஷாலதாவுக்கு நூறாவது சர்வதேச ஆட்டம். இந்தியப் பெண்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள். பாருங்கள், அதே ஆட்டத்தில் பாலா தேவி தன் ஐம்பதாவது சர்வதேச கோலை அடித்தார்; தனக்கென்று வந்த நாளிலும் ஸ்டாப்பர் பாதி வெளிச்சத்தை ஃபார்வர்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

போன ஞாயிறு எங்கள் மைதானத்தில் பின்வரிசைப் பெண்கள் நால்வரும் ஆஃப்சைடுக்காக ஒன்றாக முன்னேறியதைப் பார்த்தேன். எங்கள் ஸ்டாப்பர் பெண் “ஏறு!” என்று ஒரே சொல் சொன்னாள். நான்கு பேரும் இரண்டு எட்டு முன்னே வந்தார்கள். கும்மியில் அடி மாற்றுவது போல, யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்னால் தனியாக நின்ற எதிரணி ஃபார்வர்டு கையை விரித்தாள். விசில்.

ஆட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்தார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் கேட்டார்: “யாரும்மா ஜெயிச்சது?”

“யாரும் ஜெயிக்கல தாத்தா. கோலே விழல.”

“அப்போ இவ்ளோ நேரம் என்னம்மா பண்ணீங்க?”

அவள் ஷூவைக் கழற்றி பெஞ்சு விளிம்பில் தட்டினாள். சரளை பொலபொலவென்று கொட்டியது. “விழாம பாத்துக்கிட்டேன்” என்றாள். பெரியவர் இன்னொரு டீ சொன்னார்.