தலைப்பைக் கொடுப்பது யார்?

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் எங்கள் துறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். இடப்பக்கம் பதிவெண், வலப்பக்கம் ஆய்வுத் தலைப்பு. என் எண்ணுக்கு நேரே ஒரு நாவலாசிரியரின் பெயரும், அவர் 'நாவல்களில் பெண்கள்' என்பதும் இருந்தன. அந்த நாவல்களில் ஒன்றைக்கூட நான் படித்திருக்கவில்லை. ஊர்ச் சாவு வீடுகளில் என் பெரியம்மா பாடும் ஒப்பாரிகளைப் பதிவுசெய்து எழுதவேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். போய்க் கேட்டேன். "அதெல்லாம் பிஎச்.டி.ல பாத்துக்கலாம்ப்பா. இப்ப குடுத்ததப் பண்ணு" என்றார் நெறியாளர். பண்ணினேன். ஐந்து இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், கறுப்பு ரெக்சின் அட்டையில் பொன்னிற எழுத்து. நல்ல மதிப்பெண் வந்தது. பிஎச்.டி. பக்கம் நான் போகவே இல்லை. பெரியம்மாவும் இறந்துபோனாள். அவள் சாவில் பாட ஆளில்லை.

எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை சொல்வார்கள். ஆய்வுச் சொல்லாடலுக்குள் மாணவர் ஒரு தன்னிலையாக நுழைவதில்லை, பதிவெண்ணாகவே நுழைகிறார்.

இப்போது இளங்கலையிலேயே ஆய்வு என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதி 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' பட்டம் பெறலாம். ஆய்வுக்கு 12 கிரெடிட். எடுக்காதவர் அதற்கு ஈடாக மூன்று பாடங்கள் படிக்கவேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் இம்முறையில் சேர்ந்த முதல் அணி 2025இல் நான்காம் ஆண்டுக்குள் வந்தது. இதற்கெல்லாம் மூலமான 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு எதிர்த்தது. எனக்கும் அந்த எதிர்ப்பில் உடன்பாடுதான். ஆனால் நம் தோழர்கள் 'நாலாவது வருஷத்துக்கு யார் காசு கட்டறது?' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது: இருபது வயதில் ஒருவர் தன் கேள்வியைத் தானே கேட்கும் உரிமை எதைப் பொறுத்து வழங்கப்படுகிறது?

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பழையது. ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து ஸ்வார்த்மோர் கல்லூரி 1922லேயே ஆனர்ஸ் முறையைத் தொடங்கிவிட்டது. அங்கே எழுதப்பட்ட மாணவ ஆய்வேடுகளில் சில, எழுதியவர்கள் பிற்பாடு புகழ்பெற்றதால், வெளியே பேசப்பட்டன. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சில்வியா பிளாத் 1955இல் ஸ்மித் கல்லூரிக்குக் கொடுத்த ஆனர்ஸ் ஆய்வேடு, தஸ்தயேவ்ஸ்கியின் இரு நாவல்களில் வரும் இரட்டை உருவைப் பற்றியது. 'இரட்டை'யின் கோல்யாத்கினும் 'கரமசோவ் சகோதரர்க'ளின் இவானும் அதன் பொருள். தலைப்பில் 'மாயக் கண்ணாடி' என்று வைத்தார். 1953 ஆகஸ்டில் தற்கொலைக்கு முயன்று, மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியவர் அவர். தன்னிடமிருந்து பிரிந்துபோய் எதிரே வந்து நிற்கும் இன்னொரு தன்னைப் பற்றி எழுதவேண்டிய தேவை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் விளக்கவேண்டியதில்லை.

1963இல் விக்டோரியா லூகாஸ் என்ற புனைபெயரில் அவருடைய 'தி பெல் ஜார்' வந்தது. அதன் நாயகி எஸ்தரும் ஆனர்ஸ் ஆய்வேடு எழுதவேண்டியவள்தான். ஜாய்ஸைப் பற்றி. 'ஃபின்னெகன்ஸ் வேக்'கை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருகிறாள், எழுத்துகள் கண்முன் கலைந்துபோகின்றன. ஆய்வேட்டை முடித்தவர், முடிக்கமுடியாமல் சிதறியவளைப் பற்றி நாவல் எழுதுகிறார். அதில் ஜோன் என்றொரு பெண் வருகிறாள். எஸ்தருடன் பழகியவனோடு பழகியவள், எஸ்தர் இருக்கும் மருத்துவமனைக்கே வந்து சேர்கிறவள், கடைசியில் தூக்குப் போட்டுக்கொள்கிறவள். தஸ்தயேவ்ஸ்கியிடம் தேடிப் படித்த இரட்டை இங்கே உடம்போடு நடமாடுகிறது. ஆய்வேடு நாவலுக்கான ஒத்திகையாக இருந்திருக்கிறது. 'ஆய்வு வேறப்பா, படைப்பு வேற' என்று நம் துறைகள் எழுப்பிவைத்திருக்கும் சுவர் இந்த இரு பிரதிகளுக்கும் நடுவே எங்கே நிற்கும்? அங்கே பல கல்லூரிகளில் கவிதைத் தொகுப்பையோ நாவலையோ ஆய்வேடாகவே கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த தமிழ்த் துறைகளில் கவிதை எழுதுகிற பையன் அதை நெறியாளருக்குத் தெரியாமல்தான் எழுதவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மிஷெல் ராபின்சன் 1985இல் பிரின்ஸ்டனில் சமூகவியலுக்கு எழுதியது. பின்னாளில் மிஷெல் ஒபாமா. தகப்பனார் சிகாகோ நகர நீர் சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளி. பிரின்ஸ்டனில் படித்து வெளியேறிய கறுப்பர்களுக்கு வினாநிரல் அனுப்பி அவர் கேட்டது இதுதான்: இந்த இடத்தில் படித்தது உங்களை உங்கள் சனங்களிடமிருந்து தள்ளிக் கொண்டுபோனதா? இது நூலகத்தில் கிடைத்த கேள்வி இல்லை. வெள்ளை வளாகத்தில் நடந்துபோகும்போது தன் தோலைப் பற்றி ஓயாமல் உணர்ந்த பெண்ணின் கேள்வி. தன்னையே ஆய்வுப் பொருளாக வைக்கமுடியாததால் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன்.

2008 தேர்தல் சமயத்தில் அந்த ஆய்வேட்டைத் தோண்டி எடுத்தார்கள். கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் அதன் நடையைக் கேலி செய்தார். நடை இறுக்கமானதுதான், வினாநிரலும் அட்டவணையுமாகத்தான் அது நகர்கிறது. ஆனால் அது யாருடைய இறுக்கம்? பூர்தியுவும் பாஸ்ரோனும் 1964இல் எழுதிய 'வாரிசுகள்' நூல் இதைப் பேசியது. வீட்டிலிருந்தே பண்பாட்டு மூலதனத்தைக் கொண்டுவருபவருக்குக் கல்விக்கூடத்தின் மொழி தாய்மொழி மாதிரி, மற்றவர் அதை இரவல் சட்டையாகத்தான் போட்டுக்கொள்ள முடியும். சட்டை பொருந்தவில்லையே என்று சிரிப்பவர், உள்ளே இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறார். நம் வாய்மொழித் தேர்வுகளில் ஒற்றுப்பிழை பிடித்தே அரைமணி நேரத்தை ஓட்டும் புறத்தேர்வாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிரின்ஸ்டனில் ஆய்வேடு அநேகமாக எல்லா மாணவருக்கும் கட்டாயம். அதிக மதிப்பெண் எடுத்தவருக்குத் தரும் பரிசு இல்லை. (பிரின்ஸ்டனுக்குள் நுழைவதே பரிசுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்கள் வடிகட்டியை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவைப் புகழ்வது என் வேலையும் இல்லை.) நம் மானியக் குழுவோ வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு வடிகட்டிகள் வைக்கிறது. மூன்று வருஷம் மனப்பாடம் செய்து 75ஐத் தொட்டவரிடம் நான்காம் வருஷம் 'இனிமே சுயமா யோசி' என்கிறது. மனப்பாடத்துக்கு இசையாததாலேயே 60இல் நின்றுபோனவரிடம் கேள்வி இருக்கலாம் என்பது அதன் கணக்கில் கிடையாது. மாயா லின் யேலில் இளங்கலை மாணவியாக ஒரு வகுப்புக்காகச் செய்த வடிவமைப்பை, வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கான போட்டிக்கு அனுப்பினார். 1981இல் 1,421 வரைவுகளில் அது முதலாவதாகத் தேர்வானது. வகுப்பில் அதற்கு 'ஏ' கிடைக்கவில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்தில் பேசப் போயிருந்தேன். முடிந்ததும் பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தனியாக வந்து கைபேசியைக் காட்டினாள். நூறுநாள் வேலைத் தளத்தில் தன் அம்மாவும் மற்ற பெண்களும் வரப்பில் உட்கார்ந்து சொன்ன வசவுகள், விடுகதைகள், மேஸ்திரியைப் பற்றிய நக்கல் பாட்டுகள். நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். எந்தப் பாட்டை எந்தச் சாதிப் பெண்கள் எங்கே உட்கார்ந்து பாடினார்கள் என்றுகூட ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மதிப்பெண் என்ன என்று கேட்டேன். 61 என்றாள். வகுப்பில் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த புராஜெக்ட் தலைப்பு, ஒரு கவிஞரின் 'கவிதைகளில் உவமைகள்'.

இதை எழுது என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுக்கு எத்தன இயல் சார் வரணும்?"