நோயின்மேல் ஆசை

தலைவலி வந்தவன் அது தீர்ந்தால் மகிழ்கிறான். தன் நோயைப் பிரிய மனமில்லாதவனும் உலகில் உண்டோ? உண்டு என்கிறது 1995ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த 'அன் அன்குவயட் மைண்ட்' என்னும் நூல். 'அமைதியற்ற மனம்' என்பது அப்பெயரின் பொருள். எழுதியவர் கே ரெட்ஃபீல்டு ஜேமிசன் என்னும் அமெரிக்க உளநூல் வல்லுநர். இந்நோயைப் பற்றிய பெரும் மருத்துவ நூலொன்றைப் பிரெடரிக் குட்வின் என்பாருடன் சேர்ந்து 1990இல் வெளியிட்டவர். அந்நோய் தமக்கே உண்டென்பதை இந்நூலில் உலகறிய எழுதினார்.

இருமுனை மனநோய் என இன்று வழங்கும் இதில் மனம் இரு கோடிகளுக்கு இழுபடுகிறது. ஒரு காலம் பித்தெழுச்சி: உறக்கம் வேண்டாது, பேச்சு ஓயாது, கைப்பணம் நில்லாது, தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்னும் செருக்கு மிகும். மற்றொரு காலம் மனச்சோர்வு: எழவும் உண்ணவும் வலுவின்றி, உயிரையே சுமையென எண்ணும் இருள். இடையே நலமான நாட்களும் உண்டு. ஆதலின் காண்போர் இதை நோயென்று கருதாது, குணக்கேடென்றோ பேய்க்கோளாறென்றோ முடிவு செய்கின்றனர்.

1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி ஏற்ற சில திங்களில் அம்மையாருக்குப் பித்தெழுச்சி முற்றியது. வேண்டாத பண்டங்களை வாங்கிக் குவித்தார். பாம்புக்கடி மருந்துப் பெட்டிகளும் அவற்றுள் அடக்கம். கடன்களை ஒழுங்கு செய்தவர் அவர் அண்ணன். லித்தியம் என்னும் உப்பு அவரை நிலைப்படுத்தியது. எனினும் அதை மீண்டும் மீண்டும் கைவிட்டார். அந்நாளில் கொடுத்த மிகுதியான அளவால் வாசிக்கும் ஆற்றல் குன்றியது ஒரு காரணம். எழுச்சியின் இன்பத்தை இழக்க மனமில்லாமை மற்றொன்று. சோர்வு மேலிட்டு 28ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். இவற்றை மறையாது உரைத்ததே நூலின் மேன்மை.

அவ்வுப்பின் வரலாற்றில் நம் மண்ணுக்கும் தொடர்புண்டு. 1942 முதல் 1945 வரை சிங்கப்பூர்ச் சாங்கியில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாயிருந்த ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரே, ஊர் திரும்பி, 10 நோயாளிகளின் பித்தெழுச்சி லித்தியத்தால் தணிந்ததை 1949இல் வெளியிட்டார். ஆனால் இதில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறிது. இரத்தத்தில் அளவு பார்த்தே கொடுத்தல் வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டு சுரப்பியையும் சோதித்து வரல் வேண்டும். இது ஒவ்வாதார்க்கு வால்புரோயேட் முதலிய வேறு மருந்துகள் உள. மருந்தோடு மனம்விட்டுப் பேசும் சிகிச்சையும் சேர்ந்தே தம்மைக் காத்தது என்கிறார் அம்மையார்.

நூலின் இறுதியில், லித்தியம் பயன்தருமாயின் இந்நோயையே விரும்பி ஏற்பேன் என்னும் கருத்துப்பட எழுதுகிறார். இங்கே யான் மாறுபடுகிறேன். அவருக்குத் தேர்ந்த மருத்துவர் உண்டு. தோள்கொடுக்கும் அண்ணன் உண்டு. நாட்கூலி பெறுவோனுக்கு என்ன உண்டு?

எம் தோட்டத்தில் பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவன் ஐந்து இரவு உறங்காது பாடினான். சம்பளத்தை வழிப்போவோர்க்கெல்லாம் வாரி வழங்கினான். பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். சில நாளில் அவன் பேச்சடங்கிப் படுத்தான். பேய் போயிற்றென்று மகிழ்ந்தோம். பேய் போகவில்லை, நோய் மறுபக்கம் திரும்பியது. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வேலைக்கு வரவில்லை' என நாள்தோறும் எழுதிய கிராணி யானே. இந்நூலை அன்றே படித்திருந்தால், அவ்வரியை எழுதுமுன் அவன் வீட்டுக்குச் சென்றிருப்பேன்.

வாசகர்களே! வீட்டில் ஒருவர் உறக்கமின்றியே ஊக்கம் பொங்கித் திரிவாராயின் பூசாரியைத் தேடாதீர், மருத்துவரைத் தேடுங்கள். அவர் மருந்தை மறுத்தால் திமிரென்று ஏசாதீர். எதை இழக்க அஞ்சுகிறீர் என்று அன்போடு கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கக் கற்பித்தமைக்காகவே இந்நூலைப் போற்றலாம்.