கொல்லிச் சாரலில் ஓர் இசையரங்கு

புறநானூற்றின் 152ஆம் பாட்டு, வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடியது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த நாள் தொட்டு இப்பாட்டு இரண்டு செய்திகளுக்காகவே எடுத்துக்காட்டப்பட்டு வருகின்றது. ஒன்று, யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை ஓர் அம்பே ஊடுருவிச் சென்ற வில்லாற்றல். மற்றொன்று, காட்டிடை வந்தோர்க்குப் பொன்னும் மணியும் வாரி வழங்கிய கொடை. இவ்விரண்டிற்கும் நடுவே பாட்டில் ஒரு செயல் நிகழ்கின்றது. கொல்லிமலைச் சாரலில், மேடையும் அழைப்பும் இன்றி, வழிநடை வருத்தத்தோடு நின்ற ஒரு சிறு குழு தன் கருவிகளை இசைக்கின்றது. அக்கருவிப் பெயர்களைத் தொகுத்துப் பட்டியலிட்டாரும் அகராதிக்குப் பயன்கொண்டாரும் பலர். அவ்விசையைச் செவிகொடுத்துக் கேட்டார் மிகச் சிலரே. பாட்டின் உயிர்நிலை அவ்விசையில்தான் உள்ளது என்பது எம் கருத்து.

முதலில் நிகழ்ச்சியின் சூழலை நினைவு கூர்தல் வேண்டும். வேட்டுவன் ஒருவனைப் பாணர் குழு காட்டில் காண்கின்றது. அவன் யார் என்று குழுவின் தலைவனுக்குத் தெரியாது. விலைக்கு ஊன் விற்பவனாகத் தோன்றவில்லை. செல்வமுடையவன் போலக் காண்கின்றான். மார்பில் ஆரம் தாழ்கின்றது. இவன் மலைக்கிழவனாகிய ஓரியோ, அல்லனோ என்று தலைவன் ஐயுறுகின்றான். ஐயுற்றவன் அவனை அணுகி வினவவில்லை. விறலியை நோக்கி, யான் ஒரு வண்ணம் பாடுவேன், நீங்கள் கருவிகளை அமையுங்கள் என்கின்றான். ஆதலின் இவ்வரங்கு ஒரு வினா. பரிசில் வேண்டித் தொடங்கப்பட்டது என்று இதனைக் கூறிவிடுதல் பாட்டின் நிரலை மாற்றிவிடுவதாகும். அறிந்த ஓரியின் முன் பாணர் பாடவில்லை. பாடி அறிகின்றனர்.

இனி, ஏவல்களை நோக்குவோம். முழவை அமைக்குமாறும், யாழில் பண்ணை நிறுத்துமாறும், யானைத் துதிக்கை போன்ற பெருவங்கியமாகிய தூம்பையும், சல்லி என்று உரை கூறும் எல்லரியையும், சிறுபறையாகிய ஆகுளியையும் தொடுமாறும், ஒருமுகப் பறையாகிய பதலையை மெல்ல இயக்குமாறும், கரிய கோலைத் தன் கையில் தருமாறும் தலைவன் கூறுகின்றான். இவ்வேழு ஏவல்களின் வினைச்சொற்களை யாரும் பிரித்து நோக்கியதாக யாம் கண்டிலேம். முழவிற்கு 'அமைமின்', யாழிற்கு 'நிறுமின்'. இவை இரண்டும் சுருதியும் மார்ச்சனையும் கூட்டும் தொழில்கள். இசை இன்னும் பிறக்கவில்லை. தூம்பு, எல்லரி, ஆகுளி ஆகிய மூன்றிற்கும் 'தொடுமின்' என்னும் ஒரே சொல் மும்முறை வருகின்றது. இங்கே ஒலி தொடங்குகின்றது. சொல்லே பறைபோல அடுக்கி விழுதலைப் பாட்டை வாய்விட்டுப் படித்தார் உணர்வர். பதலைக்கு மட்டும் 'இயக்குமின்' என்றார். தொடங்குதல் வேறு, இயக்குதல் வேறு. இயக்கம் என்பது நடை, செலவு. நில்லாது செல்லும் தொழில். மேலும், ஏழு ஏவல்களுள் எவ்வாறு இசைக்கவேண்டும் என்ற குறிப்பைப் பெற்றதும் பதலை ஒன்றே. மெல்லென, ஒரு கண்ணில்.

இஃது ஏன்? விடை மலைபடுகடாத்தில் உள்ளது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய அவ்வாற்றுப்படையின் தொடக்கத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகள் நிரல்பட வருகின்றன. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு இருவகை, குழல், தட்டை, எல்லரி, பதலை. அங்கே பதலை, பாணியை, அஃதாவது தாள அளவை, நொடிதோறும் உணர்த்தும் கருவியாகக் குறிக்கப்படுகின்றது. எனவே கொல்லியில் மெல்ல இயக்கப்பட்ட பதலை, பிற பறைகளோடு ஒலியில் போட்டியிட வந்த பறையன்று. காலத்தை அளந்து கொண்டே செல்லும் பறை. அது மிகின் பாட்டு அழியும். நிற்பின் பாட்டு சிதறும். மெல்லென என்ற ஒரு சொல் இதனை அறிந்த ஒரு குழுத் தலைவனின் சொல்.

மலைபடுகடாத்தோடு ஒப்பிடுங்கால் பிறிதொன்றும் புலனாகும். ஆங்குள்ள பாண்டில், கோடு, குழல், தட்டை முதலியன வன்பரணர் பாட்டில் இல்லை. அஃது ஒரு பெருங்குழு. இஃது ஒரு சிறுகுழு. ஆங்குக் கருவிகள் பலாக்காய்க் கொத்துப்போலப் பைகளில் கட்டப்பெற்றுத் தோளில் தொங்குகின்றன. ஈண்டு அவை வெளிவந்து கையேறிவிட்டன. (அவ்வுவமை கொல்லிக்கும் பொருந்தும், அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார் கொல்லியைப் பலாமரம் கொண்டே அடையாளப்படுத்துகின்றார். இன்றும் அம்மலை ஏறுவார் பலாவைக் காணாது திரும்புதல் அரிது.)

குழுவின் அமைப்பை எண்ணிப் பார்த்தால் நம் செவிப்பழக்கத்திற்கு மாறான ஒன்று தோன்றும். யாழ் ஒன்று, தூம்பு ஒன்று. எஞ்சிய முழவு, எல்லரி, ஆகுளி, பதலை நான்கும் பறைவகை. ஆறனுள் நான்கு தோற்கருவிகள். இக்காலக் கச்சேரியில் பாடகர் நடுவே அமர, மிருதங்கம் பக்கவாத்தியமாக ஒருபுறம் அமைந்திருக்கக் கண்ட நாம், தோற்கருவி என்றவுடன் துணைக்கருவி என்று கொள்கின்றோம். அக்கண்ணோட்டத்தோடு இப்பாட்டைப் படிப்பின் நான்கு பறைகளும் வெற்று ஆரவாரமாகவே படும். இதனைத் திருத்திக் கொள்ளத் தமிழ்நாட்டிற்கு அப்பாலும் நோக்குதல் தகும்.

அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையில் சிறுகுழு ஒரு தனி மரபு. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்னி கிளார்க் என்னும் பறைவல்லுநர், காலம் அளக்கும் தொழிலைக் காலால் மிதித்து முழக்கும் பெரும்பறையினின்று எடுத்து, மேலே தொங்கும் உலோகத் தாளத் தட்டில் மெல்லத் தட்டும் தொழிலாக மாற்றினார். பெரும்பறை அதன்பின் வேண்டிய இடத்தில் மட்டும் ஒலித்தது. குழுவின் இசை முழுவதும் இம்மாற்றத்தால் இலேசாகியது. 1952இல் அமைந்த மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவில் அவரே முதற் பறைவல்லுநர். 1955இல் கானி கே அவ்விடம் பெற்றார். அந்நால்வர் கருவிகளுள் இரண்டு, தட்டி ஒலிப்பன. எனினும் அக்குழு அடக்கத்திற்கே பெயர் பெற்றது. தட்டும் கருவி மிகுதலும் ஓசை மிகுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. பதலைக்கு வன்பரணர் சொன்ன மென்மை எத்தகையது என்பதை யாம் இவ்விசையைக் கேட்ட பின்னரே உணர்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நம் நாட்டிற்கு அணுக்கமான சான்றும் ஒன்று உண்டு. 1975ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நியூயார்க்கு மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் 'சக்தி' என்னும் குழு இசைத்தது ஒலிப்பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜான் மக்லாஃப்ளின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன். ஐவருள் மூவர் தாளக் கருவியினர். கடம் ஈண்டுப் பக்கத்தில் அமர்ந்து பின்தொடரவில்லை. வினவுகின்றது, மறுக்கின்றது, சில இடங்களில் வாளாவிருக்கின்றது. மண்ணால் ஆகிய கடமும் மார்ச்சனை மண் பூசிய முழவும் தம்முள் வேறெனினும், சிறுகுழுவில் தாளக் கருவிகள் பெரும்பான்மையாக நின்றும் பண்ணை அழியாது காத்தல் இயலும் என்பதை அவ்வொலிப்பதிவு காதுக்கு நேரே காட்டுகின்றது.

இதனால் கொல்லிமலையில் ஜாஸ் இசைத்தனர் என்று கூற எழுவார் உளராயின் அவர் எமக்கு உடன்பாடல்லர். ஜாஸ் இசையில் ஒருவர்பின் ஒருவர் தனித்து விரித்து இசைக்கும் முறை உண்டு. வன்பரணர் பாட்டில் அதற்குச் சான்றில்லை. ஈண்டு இருப்பது முறைமை. மெலிவு, சமம், வலிவு என்னும் மூவகை நிலையினும் ஏழேழாக வந்த இருபத்தொரு துறையையும் முறைப்படி பாடி முடித்தனர் என்று பாட்டுக் கூறுகின்றது. ஒப்பீடு நம் செவியைத் திறக்கும் அளவிற்குப் பயன்படுமேயன்றி வரலாற்றை நிறுவப் பயன்படாது. அடக்கம் பற்றிய கொள்கைக்கோ நாம் கடல் கடக்க வேண்டியதும் இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமையாசிரியனுக்குக் கூறப்படும் இலக்கணத்துள், பிற கருவிகளின் இசை குறைந்துழி நிரப்பலும் மிக்குழி அடக்கலும் ஆகிய இரண்டும் அடங்கும். அது புகார் நகரத்து அளந்து அமைத்த அரங்கு. கொல்லியிலோ அளவுகோல் கொண்டு வகுத்த அரங்கும் இல்லை, எழினியும் இல்லை. தலைவன் கையில் யாழோ பறையோ இல்லை, ஒரு கோலே உண்டு. அக்கோல் யாது என்ற ஆராய்ச்சி ஈண்டு வேண்டா.

துறைகள் யாவும் பாடி முடிந்தன. அதன் பின்னரே 'கோ' என்ற ஒரு சொல் பிறக்கின்றது. அது தன் பெயராதலின் வேட்டுவன் நாணுகின்றான். தொடக்கத்தில் தலைவன் ஐயுற்ற வினாவிற்கு விடை இந்நாணமே. ஓரி யான்தான் என்று சொல்லவில்லை; அவன் முகம் சொல்லிற்று. இவ்விடத்தைப் புகழ்கேட்டு நாணும் பெருந்தகைமைக்குக் காட்டாகப் போற்றுவது மரபு. அது பிழையன்று, ஆனால் போதாது. பாடலும் பறையும் ஓய்ந்த அமைதியில் அச்சொல் விழுந்ததனால் அன்றோ அந்நாணம் வெளிப்பட்டது? மெல்ல இயக்கப்பட்ட பதலை நின்றுவிட்ட கணம் அது. அதன்பின் அவன் விரைகின்றான். உன்னை ஒத்த வேட்டுவர் எந்நாட்டினும் இல்லை என்று அவர் சொல்லத் தொடங்க, வேண்டியதைச் சொல்லி முடிக்கவும் விடாமல் மான் ஊனையும் நெய்போன்ற தேறலையும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னை மணிக்குவையோடு கலந்து கொள்க என்கின்றான். புகழைத் தடுக்கும் விரைவு அக்கொடையில் இருக்கின்றது.

இவ்வளவில் நிறுத்தின் கட்டுரை இனிது முடியும். ஆனால் அதனை அடுத்து 153ஆம் பாட்டு நிற்கின்றது. அதுவும் வன்பரணர் ஓரியைப் பாடியது. ஓரியின் கொடையைக் காண எம் கூத்தர் சுற்றம் சென்றது என்று தொடங்கும் செய்தி, வெள்ளி நாரால் தொடுத்த பொற்குவளைக் கண்ணியும் அணிகலனும் யானையும் பெற்று மீண்டனர் என்று வளர்ந்து, ஒரு வினாவாக முடிகின்றது. இறுக்கிக் கட்டிய இன்னியங்கள் கூடி முழங்க, அவர்கள் ஆடவும் மாட்டாராயினர், பாடலையும் மறந்தனர். பசியில்லாராயினமைதான் இதற்குக் காரணமோ என்கின்றார் புலவர்.

பசி தீர்த்த கொடையின் பெருமையைப் புகழ்ந்தவாறு என்று உரைத்து மேற்செல்வது வழக்கம். யாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே பாடம் கேட்டோம். இன்று அவ்வுரை எம் நெஞ்சிற்கு அமைதி தரவில்லை. புகழ்ச்சியே கருத்தாயின் புலவர் துணிந்து கூறியிருப்பார். அவரோ ஐயத்தைக் குறிக்கும் 'கொல்' என்னும் இடைச்சொல்லை வைத்தார். 152ஆம் பாட்டில் இவன் ஓரியோ என்று ஐயுற்ற இடத்தும் இதே இடைச்சொல்தான். முன்னைய ஐயம் இசையால் தீர்ந்தது. பின்னைய ஐயம் தீரவில்லை; தீர்க்க இசை இல்லை. அவ்விசையைத் தந்தவன் எவனோ அவன் கொடையாலேயே அது நின்றது. புலவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை என்பார்க்கு யாம் சொல்வது இதுவே: குறையாகவும் சொல்லவில்லை, நிறையாகவும் சொல்லவில்லை, வினாவாக விட்டார். வினாவை விடையாக்கி உரைத்தது பின்வந்தோர் செயல்.

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஓரி நெடுநாள் நிலைக்கவில்லை. முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பதை முன்சுட்டிய கல்லாடனார் பாட்டே கூறும். பாடல் மறந்த சுற்றம் அதன்பின் எம்மலைக்குச் சென்றது, எதனை இசைத்தது என்பதைச் சங்க நூல்கள் கூறவில்லை. இன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கின்றது. செம்மேட்டில் வில்லேந்திய அவன் சிலை நிற்கின்றது. புரவலன் நினைக்கப்படுகின்றான். அவன் யார் என்பதை இசையால் கண்டறிந்தவர்க்கோ பாட்டிலும் பெயரில்லை.

ஒன்றைச் சொல்லி அமைவோம். 153ஆம் பாட்டின் ஈற்றில், இயம் 'கறங்க' என்ற எச்சத்தை இருவகையாகக் கொள்ளலாம். இயம் முழங்க அதற்கேற்ப ஆடுதல் என்னும் தொழிலை அவர்கள் ஒழிந்தனர் என்பது ஒன்று; அவ்வாறாயின் இயமும் ஓய்ந்தது. இயம் முழங்கிக் கொண்டிருக்கவும் அவர்கள் ஆடாராயினர், பாடாராயினர் என்பது மற்றொன்று. பின்னதே சொற்கிடக்கைக்கு இயைவது என்று யாம் துணிகின்றோம். அங்ஙனமாயின் ஆடலும் பாடலும் அற்றுப்போன அவ்விடத்தில், வார் இறுக்கிய பறைகள் மட்டும் இன்னும் முழங்கிக் கொண்டிருக்கின்றன.